சப்வூஃபர் கேபிளைத் தெரிவு செய்வதும் இணைப்பதும்: வீட்டுத் திரையரங்க அறை அமைப்போருக்கு ஒரு வழிகாட்டி

வெள்ளவத்தையில் உள்ள எங்கள் தொடர்மாடி வீட்டில் ஓர் அறையைப் படம் பார்ப்பதற்கென்று ஒதுக்கி, படக்கருவிகளின் ஒலியைப் பெற்றுப் பிரித்தனுப்பும் ஏ.வி. ரிசீவரையும் ஐந்து ஒலிபெருக்கிகளையும் பொருத்தி முடித்த பிறகு, தாழ்ந்த சுரங்களை மட்டும் ஒலிக்கும் பெட்டியான சப்வூஃபருக்குப் போகும் ஒரேயொரு கேபிளுக்காக நான் ஏறத்தாழ ஆறு வாரங்களைச் செலவிட்டேன். முதலில் வாங்கிய கேபிள் நீளம் போதவில்லை. இரண்டாவதற்கு 16,500 ரூபா கொடுத்தும், படம் ஓடாத வேளையிலும் சப்வூஃபரிலிருந்து வந்துகொண்டிருந்த ஆழ்ந்த இரைச்சல் நிற்கவில்லை. மூன்றாவது கேபிளை மீற்றர் கணக்கில் வாங்கி, இரு முனைகளிலும் பிளக் பொருத்துவித்தேன். அதற்கு மொத்தம் 3,300 ரூபாதான் செலவாயிற்று, இன்றும் அதுவே பயன்பாட்டில் உள்ளது. இரைச்சல் வேறொரு வயரின் வழியாக வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தது என்பது அதற்கும் பிறகுதான் தெரிய வந்தது.

எந்த வேலையை முதலில் செய்ய வேண்டும் என்று அன்று ஒருவர் சொல்லியிருந்தால் இந்த அலைச்சல் நேர்ந்திருக்காது. ஆகவே, கீழே உள்ள படிகளை அதே வரிசையில் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். கடைக்குப் போவது ஐந்தாவது படியில்தான் வருகிறது.

1. சப்வூஃபரின் பின்புறத்தைப் பாருங்கள்

சப்வூஃபரைத் திருப்பி, அதற்கென்று தனியாக மின்சார வயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால், ஒலியைப் பெருக்கும் அம்ப்ளிஃபையர் அந்தப் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. அதற்கு ரிசீவரிலிருந்து வலுக்குறைந்த சமிக்ஞை மட்டும் போனால் போதும். இந்தக் கட்டுரை அவ்வகைச் சப்வூஃபரைப் பற்றியது. ரிசீவரின் பின்புறத்தில் ‘சப்வூஃபர் பிரீ அவுட்’ என்று குறிக்கப்பட்ட வட்டமான ஆர்.சி.ஏ. குதையும் (நடு ஊசியுள்ள ஒலிப் பிளக்கைச் செருகும் துளை), சப்வூஃபரில் ‘எல்.எஃப்.ஈ.’ (தாழ்ந்த ஒலித் தடம்) அல்லது ‘லைன் இன்’ என்று குறிக்கப்பட்ட அதே வகைக் குதையும் இருக்கும். இவ்விரண்டையும் இணைப்பதே நம் வேலை.

மின்சார வயர் இல்லாமல், சிவப்பும் கறுப்புமான இரண்டு பிடிகள் மட்டும் இருந்தால், அது வெளி அம்ப்ளிஃபையரால் இயக்கப்படும் சப்வூஃபர். அதற்குச் சாதாரண ஒலிபெருக்கி வயர், 1.5 சதுர மில்லிமீற்றரோ அதற்கு மேலோ தடிப்புள்ளதாக, போதுமானது. அதைப் பிரீ அவுட் குதையில் இணைத்தால் ஒலி வராது. இதன் மறுதலைதான் ஆபத்தானது: அம்ப்ளிஃபையரின் ஒலிபெருக்கி முனைகளிலிருந்து வரும் வயரை, சப்வூஃபரின் ஆர்.சி.ஏ. குதைக்குள் எவ்வகையிலும் செலுத்தக் கூடாது. உங்கள் பழைய ஸ்டீரியோ அம்ப்ளிஃபையரில் சப்வூஃபர் குதையே இல்லையென்றால், சப்வூஃபரில் ‘ஹை லெவல்’ என்று குறிக்கப்பட்ட முனைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒலிபெருக்கி வயரை அவற்றில் மட்டுமே பொருத்தலாம், அதையும் இரு கருவிகளின் கையேடுகளையும் வாசித்த பின்னரே செய்யுங்கள்.

2. கேபிளுக்கு முன் இடத்தைத் தீர்மானியுங்கள்

நான் செய்த முதல் பிழை இதுவே. தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் சப்வூஃபரை வைப்பேன் என்று எண்ணி 3 மீற்றர் கேபிளை வாங்கினேன். வைத்துக் கேட்டபோது சில சுரங்கள் காணாமற்போயின, சில சுரங்கள் சுவரையே அதிரச் செய்தன. சீமெந்துச் சுவர்களும் ஓடு பதித்த தரையும் கொண்ட நமது தொடர்மாடி அறைகளில் இது மிகவும் வலுவாகத் தெரியும். எங்கள் அறையின் நீளம் 4.3 மீற்றர், அந்த நீளத்தில் 40 ஹேர்ட்ஸ் மீடிறனை (வினாடிக்கு 40 அதிர்வுகளை) ஒட்டிய ஒலி இரு சுவர்களுக்கிடையே நின்று, ஓர் இடத்தில் உரத்தும் இன்னோர் இடத்தில் ஏறத்தாழ இல்லாமலும் கேட்கும். எந்தக் கேபிளாலும் இதை மாற்ற முடியாது. இடத்தை மாற்றினால் மாறும்.

இடத்தைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. நீங்கள் அமர்ந்து படம் பார்க்கும் இருக்கை இருக்கும் இடத்தில் சப்வூஃபரைத் தற்காலிகமாக வையுங்கள். தாழ்ந்த சுரங்கள் தெளிவாக ஏறி இறங்கும் ஒரு பாட்டைத் தொடர்ந்து ஓடவிட்டு, சப்வூஃபரை வைக்கக்கூடிய இடங்கள் ஒவ்வொன்றிலும் தரையளவு குனிந்து கேளுங்கள். எல்லாச் சுரங்களும் ஏறத்தாழ ஒரே அளவில் கேட்கும் இடமே சப்வூஃபருக்கு ஏற்ற இடம். எங்களுக்கு அது பின்பக்கச் சுவரின் மூலையிலிருந்து ஒரு மீற்றர் தள்ளி அமைந்தது. ரிசீவரோ முன்பக்கத்தில் இருந்தது. இதற்கு ஒரு மாலைப்பொழுது போதும். நீளமான பழைய ஒலி வயர் ஒன்றை யாரிடமாவது இரவல் வாங்கிக்கொள்ளுங்கள்.

3. நூலால் அளவெடுங்கள்

ரிசீவரிலிருந்து சப்வூஃபர் வரை நேர்கோட்டில் அளக்க வேண்டாம். கேபிள் உண்மையில் போகப்போகும் வழியில், சுவரின் அடிப்பகுதியை ஒட்டி, கதவு நிலையைச் சுற்றி ஏறி இறங்கி ஒரு நூலைப் பிடித்து, பின்னர் அந்த நூலை அளந்துகொள்ளுங்கள். கதவு வழியில் தரைமீது கேபிளை விட்டு அதன்மேல் கம்பளம் போடும் வழக்கத்தைத் தவிர்த்துவிடுங்கள். மிதிபட்டு மிதிபட்டு கேபிளுக்குள்ளே இருக்கும் உலோக வலை அறுந்துபோகும், கால் தடுக்கி விழுவோரும் உண்டு. கிடைத்த அளவுடன் ஒரு மீற்றர் கூட்டிக்கொள்ளுங்கள். அறையைக் கூட்டித் துடைக்கும்போது சப்வூஃபரை இழுக்க நேரும்; அவ்வேளையில் கேபிள் இறுகியிருந்தால் குதையே கழன்றுவிடும். எங்கள் அளவு நூலில் 8.8 மீற்றர், நான் 10 மீற்றர் வாங்கினேன்.

நீளம் கூடினால் ஒலி குன்றும் என்று கடைகளில் சொல்வார்கள். கணக்குப் பார்த்தால் அது சப்வூஃபருக்குப் பொருந்தாது என்பது விளங்கும். செய்மதித் தட்டுகளுக்குப் பயன்படும் ஆர்.ஜி.-6 வகைக் கேபிளின் கொள்ளளவம் (மின்னேற்றத்தைத் தேக்கும் திறன்) மீற்றருக்கு ஏறத்தாழ 53 பிக்கோபரட். 10 மீற்றருக்கு 530. ரிசீவரின் வெளியீட்டுத் தடை 1,000 ஓம் என்று கொண்டாலும், இக்கேபிளால் குன்றத் தொடங்கும் மீடிறன் 3 இலட்சம் ஹேர்ட்ஸுக்கு அருகில்தான் வரும். படங்களின் ஒலியமைப்பான டொல்பி டிஜிட்டலில் சப்வூஃபருக்கென ஒதுக்கப்பட்ட தடத்தின் உச்ச எல்லையோ 120 ஹேர்ட்ஸ். ஆகவே, நீளத்துக்காக அஞ்சி, சப்வூஃபரைத் தகாத இடத்தில் வைக்காதீர்கள்.

4. அனுமதியும் ஆவணங்களும்

கேபிளைச் சுவருக்குள் புதைக்கவோ சுவரைத் துளைக்கவோ எண்ணினால், வாடகை வீடாயின் உரிமையாளரிடமும், தொடர்மாடியாயின் முகாமைத்துவக் குழுவிடமும் எழுத்தில் அனுமதி பெறுங்கள். வாய்மொழிச் சம்மதம் பின்னர் முற்பணத்தைத் திரும்பப் பெறும்போது உதவாது. எங்கள் குழு பதில் தர ஒன்பது நாட்கள் எடுத்தது. தச்சரையோ மேசனையோ வரச்சொல்வதற்கு முன் இந்தக் காலத்தையும் கணக்கில் எடுங்கள்.

இதே வேளையில் ஒரு கோப்புறையைத் திறந்து, ரிசீவரினதும் சப்வூஃபரினதும் பற்றுச்சீட்டு, உத்தரவாத அட்டை, கையேட்டில் பின்புற இணைப்புகளைக் காட்டும் பக்கம் ஆகியவற்றின் பிரதிகளை வைத்துக்கொள்ளுங்கள். கடைக்குப் போகும்போது பின்புறங்களைக் கைபேசியில் படம் பிடித்துக் கொண்டுபோனால், குதையின் வகை பற்றி விவாதமே எழாது. வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த கருவியாயின், அது 230 வோல்ற்று, 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்துக்கு ஏற்றதா என்று பின்புறத் தகட்டில் பாருங்கள். 120 வோல்ற்றுக் கருவிகளைப் பயணப்பொதியில் கொண்டுவந்து, முதல் நாளே எரித்துவிட்டவர்களை நான் அறிவேன்.

5. எந்தக் கேபிள்

சப்வூஃபர் கேபிள் என்ற பெயரில் விற்கப்படுவது, பெரும்பாலும் நல்ல கவசம் கொண்ட ஓர் ஆர்.சி.ஏ. கேபிள்தான். நடுவில் ஒரு கம்பி, அதைச் சுற்றிக் காப்பு, அதற்கு மேல் மெல்லிய தகடும் பின்னிய வலையும் சேர்ந்த கவசம், மேலே உறை. சமிக்ஞை நடுக்கம்பி வழியே போய், கவசத்தின் வழியே திரும்புகிறது. இந்தக் கவசத்தில்தான் உங்கள் கவனம் முழுவதும் இருக்க வேண்டும். வெவ்வேறு பிளக் பொயின்ற்றுகளில் இணைந்த இரு கருவிகளுக்கிடையே சிறியதொரு மின்னோட்டம் கவசத்தினூடாக ஓடுவது வழக்கம். கவசத்தின் தடை எவ்வளவு அதிகமோ, அந்த ஓட்டம் அவ்வளவு பெரிய வோல்ற்றளவாக மாறி, இரைச்சலாகக் கேட்கும். அடர்த்தியான செப்பு வலை வேண்டும் என்று சொல்வதற்குக் காரணம் இதுவே.

டிவிடி கருவிகளுடன் வரும் சிவப்பு, வெள்ளை நிற மெல்லிய இரட்டை வயர்களில் கவசம் என்று சொல்லத்தக்கது மிகக் குறைவு. ஒரு மீற்றருக்கு அவை போதும். ஐந்து மீற்றரைத் தாண்டினால் வேண்டாம். அதே கட்டில் மஞ்சள் நிறத்தில் வரும் காட்சிக் கேபிள் 75 ஓம் வகையாக, நல்ல கவசத்துடன் செய்யப்பட்டிருந்தால் சப்வூஃபருக்குத் தாராளமாகப் பயன்படும். நீளம் போதுமான ஒன்று வீட்டிலேயே கிடக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள். 75 ஓம் என்ற எண் இந்தத் தாழ்ந்த மீடிறன்களில் எந்த வேறுபாட்டையும் தராது. அவ்வகைக் கேபிள்களில் கவசம் நன்றாக இருக்கும் என்பதே பயன்.

நீண்ட ஓட்டத்துக்கு ஆர்.ஜி.-59 அல்லது ஆர்.ஜி.-6 வாங்குங்கள். கடையில் ‘சுத்தச் செம்பு’ என்று சொன்னால், சட்டைப் பையில் கொண்டுபோன சிறு காந்தத்தை நடுக்கம்பியின் நுனியில் பிடித்துப் பாருங்கள். கம்பி காந்தத்தில் ஒட்டினால் அது செம்பு பூசிய உருக்கு. நான் கேட்ட நான்கு கடைகளில் மூன்றில் ஒட்டியது. அதனால் ஒலி குறையாது; சப்வூஃபரின் உள்ளீட்டுத் தடை ஆயிரக்கணக்கான ஓம் ஆகையால், நடுக்கம்பியின் ஓரிரு ஓம் பொருட்டில்லை. எனினும் உருக்குக் கம்பி விறைப்பானது, வளைவுகளில் பிளக்கை இழுக்கும். செம்புக்குரிய விலையை அதற்குக் கொடுப்பதும் முறையன்று. அடுத்ததாக வலையின் ஓர் இழையைக் கத்தியால் சுரண்டுங்கள். வெள்ளை நிறம் போய்ச் சிவப்புத் தெரிந்தால் வெள்ளீயம் பூசிய செம்பு. சுரண்டச் சுரண்ட வெள்ளையாகவே இருந்தால் அலுமினியம். அதில் பற்றாசு பிடிக்காது, தடையும் கூடுதல்.

உறையில் அம்புக்குறி போட்ட கேபிள்களும் விற்கிறார்கள். சிலவற்றில் உள்ளே இரு கம்பிகள் இருக்கும். வெளிக் கவசம் ஒரு முனையில் மட்டும் இணைக்கப்பட்டிருக்கும். அவற்றில் அம்பு சப்வூஃபரை நோக்கி இருக்க வேண்டும். மற்றப்படி, வெள்ளி பூச்சு, கையளவு தடித்த உறை, தாழ்ந்த ஒலிக்கென விசேடமாகப் பதப்படுத்திய கம்பி என்பவற்றுக்காக ஒரு ரூபாவும் கூடக் கொடுக்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

இரண்டு குறிப்புகள். பிளக்கின் உலோக வளையம் குதையை அளவாகப் பற்ற வேண்டும்; கடைசி வரை திருகி இறுக்கும் வகைப் பிளக்குகள், கழற்றும்போது குதையையே பெயர்த்துவிடக் கூடியவை. கம்பியில்லா இணைப்புப் பெட்டிகள் கேபிளை மிச்சப்படுத்தினாலும், சப்வூஃபருக்கு மின்சார வயர் போகத்தான் வேண்டும்; ஒலியும் சற்றுத் தாமதமாகும். வேறு வழியே இல்லாதபோது மட்டும் அவற்றை நாடுங்கள்.

6. எங்கே, எப்போது, எவ்வளவு

கொழும்பில் இதற்குப் புறக்கோட்டையே ஏற்ற இடம். கோட்டைப் புகையிரத நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் உள்ள முதலாம் குறுக்குத் தெருவிலும் அதையொட்டிய சந்துகளிலும் மீற்றர் கணக்கில் கேபிளும், தனியாகப் பிளக்குகளும் கிடைக்கும். வார நாட்களில் காலை பத்து மணியளவில் போனால், கடைக்காரர் பொறுமையாகக் காட்டுவார். வெள்ளிக்கிழமை நண்பகலில் தொழுகைக்காகப் பல கடைகள் மூடப்படும். போயா (பௌர்ணமி விடுமுறை) தினங்களில் போக வேண்டாம். காலி வீதியிலுள்ள ஒலிக்கருவிக் காட்சியறைகளில் கிடைப்பவை பொதிசெய்த, விலைகூடிய கேபிள்கள். உங்களுக்கு வேண்டிய நீளம் அங்கே கிடைப்பதும் அரிது.

நான் வாங்கிய நாளில் செப்பு வலையுள்ள ஆர்.ஜி.-6 மீற்றர் 160 ரூபா, பத்து மீற்றருக்கு 1,600, உலோகப் பிளக் ஒன்று 350 ரூபா வீதம் 700, பொருத்துகூலி 1,000. டொலரின் போக்குக்கேற்ப இவை மாறும் என்பதால், இவற்றை ஓர் ஒப்பீடாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் வெளிநாட்டுக் கேபிளை வரவழைப்பதாயின் சுங்க வரியையும் காத்திருக்கும் வாரங்களையும் சேர்த்துப் பாருங்கள். பற்றுச்சீட்டில் கேபிளின் வகையையும் நீளத்தையும் எழுதித் தரச் சொல்லுங்கள். வெட்டிய கேபிளைத் திருப்பி எடுக்க மாட்டார்கள். ஆகவே வெட்டுவதற்கு முன் உங்கள் கண்முன்னே அளக்கச் சொல்லுங்கள்.

7. பிளக் பொருத்துதலும் சோதித்தலும்

பற்றாசுக் கோல் பிடித்துப் பழக்கமில்லையென்றால், செய்மதித் தொலைக்காட்சித் தட்டுப் பொருத்தும் இளைஞர்களிடம் கேளுங்கள். அழுத்திப் பொருத்தும் கருவி அவர்களிடம் இருக்கும், ஆர்.ஜி.-6 கேபிளின் முனைகளில் எஃப் வகைப் பிளக்கை அவர்கள் ஐந்து நிமிடத்தில் பொருத்துவார்கள், அதன்மேல் எஃப்-ஆர்.சி.ஏ. மாற்றியைத் திருகினால் போதும். நீங்களே பற்றாசு பிடிப்பதாயின், தகட்டில் ஈயம் ஒட்டாது என்பதால் வலையை முறுக்கி, பிளக்கின் வெளிப்பகுதியுடன் சேருங்கள். வலையின் ஒரேயொரு மெல்லிய இழை நடுமுனையைத் தொட்டாலும் ஒலி முற்றாக நின்றுவிடும்.

பொருத்தி முடிந்ததும் மல்டிமீற்றரால் மூன்று முறை அளவிடுங்கள்: ஒரு முனையின் நடு ஊசியிலிருந்து மறுமுனையின் நடு ஊசிக்கும், வெளி வளையத்திலிருந்து வெளி வளையத்துக்கும் தடை ஏறத்தாழப் பூச்சியமாக இருக்க வேண்டும், நடு ஊசிக்கும் வளையத்துக்கும் இடையே தொடர்பே இருக்கக் கூடாது. மூன்றாவது அளவை எடுக்கும்போது, பிளக்குக்கு அருகே கேபிளை மெதுவாக அசைத்துப் பாருங்கள். சுவருக்குள் போன பிறகு கண்டுபிடிக்கும் பிழையை விட, மேசை மீது கண்டுபிடிக்கும் பிழை மலிவானது.

8. கேபிளைப் பதித்தல்

மின்சார வயரும் இக்கேபிளும் ஒரே கேசிங்குக்குள் போகக் கூடாது. பக்கம் பக்கமாகப் போக நேர்ந்தால் 30 சென்ரிமீற்றராவது இடைவெளி விடுங்கள். குறுக்கிட நேர்ந்தால் செங்கோணத்தில் குறுக்கிடச் செய்யுங்கள். சுவருக்குள் குழாய் வைப்பதாயின் மட்டும் ஏழாம் படியைப் பின்னுக்குத் தள்ளி, 25 மில்லிமீற்றர்க் குழாயைப் போட்டு, கேபிளை இழுத்த பின்னர் பிளக்கைப் பொருத்திச் சோதியுங்கள். குறுகிய குழாயின் வளைவில் பிளக் சிக்கிக்கொள்ளும். உள்ளே ஓர் இழுகயிற்றையும் விட்டுவையுங்கள். மிஞ்சிய கேபிளை இறுக்கமான சிறு வளையமாகச் சுற்றாமல், சப்வூஃபருக்குப் பின்னால் தளர்வாக விடுங்கள்.

9. இணைத்தல்

ரிசீவரையும் சப்வூஃபரையும் சுவரிலுள்ள ஆளியிலேயே நிறுத்துங்கள். ரிமோட்டால் அணைப்பது போதாது. ஆர்.சி.ஏ. பிளக்கில் நடு ஊசி முதலிலும் வெளி வளையம் பின்னரும் தொடுவதால், மின்சாரம் இருக்கும்போது செருகினால் பெரியதோர் அதிர்வோசை எழும். ஒலிக்கூம்புக்கு அது கேடு விளைவிக்கலாம். சப்வூஃபரின் ஒலியளவைக் குறைத்து வைத்து, ரிசீவரின் ‘பிரீ அவுட்’ குதையிலிருந்து சப்வூஃபரின் ‘எல்.எஃப்.ஈ.’ குதைக்கு இணையுங்கள். எல்.எஃப்.ஈ. என்று தனியாக இல்லையென்றால், இடது குதையில் ‘மோனோ’ என்று குறித்திருக்கும், அதையே பயன்படுத்துங்கள். ஒரு பிளக்கை இரண்டாகப் பிரித்து இடது, வலது இரண்டுக்கும் கொடுக்கும் கவர்வயர், கையேடு கேட்டாலன்றித் தேவையில்லை.

பின்னர் சப்வூஃபரின் கிராஸ்ஓவர் திருகியை (எந்த மீடிறனுக்கு மேல் வடிகட்டுவது என்று தீர்மானிப்பது) உச்சத்துக்கு அல்லது ‘எல்.எஃப்.ஈ.’ நிலைக்குக் கொண்டுபோங்கள். வடிகட்டும் வேலையை ரிசீவர் செய்யும். ஒலியளவு நடுவில், ஃபேஸ் (ஒலியலையின் நேரப் பொருத்தம்) பூச்சியத்தில் இருக்கட்டும்.

10. ரிசீவரின் அமைப்புகள்

கேபிள் பழுது என்று எண்ணிக் கடைக்குத் திரும்பிப் போவோரில் பலரின் குறை இங்கேதான் இருக்கிறது. ஒலிபெருக்கிகள் ‘லார்ஜ்’ என்று அமைந்திருந்தால், சாதாரணத் தொலைக்காட்சி நிகழ்ச்சியும் பாட்டும் சப்வூஃபருக்குப் போகாமலே இருக்கலாம், 5.1 ஒலியுள்ள (ஐந்து ஒலிபெருக்கிகளுக்கும் சப்வூஃபருக்கும் தனித்தனித் தடமுள்ள) படத்தில் மட்டும் அது பேசும். எல்லா ஒலிபெருக்கிகளையும் ‘ஸ்மோல்’ ஆக்கி, கிராஸ்ஓவரை 80 ஹேர்ட்ஸில் வையுங்கள். திரையரங்க ஒலித்தரத்துக்கான டி.எச்.எக்ஸ். நியமமும் இதே அளவைத்தான் சொல்கிறது.

அதன் பிறகு ரிசீவருடன் வந்த ஒலிவாங்கியை இருக்கையில் வைத்துத் தானியங்கி அளவீட்டை நடத்துங்கள். முடிவில் சப்வூஃபரின் தூரம் உண்மையான தூரத்தை விடக் கூடுதலாகக் காட்டினால் திருத்த வேண்டாம். சப்வூஃபருக்குள் இருக்கும் சுற்றுகள் ஒலியைத் தாமதிப்பதை அது ஈடுசெய்கிறது. அளவு மட்டம் கழித்தல் 10 போன்ற கீழ்நிலைக்குப் போயிருந்தால், சப்வூஃபரின் திருகியைச் சற்றுக் குறைத்து மீண்டும் அளவிடுங்கள்; சமிக்ஞை மிகவும் தாழ்ந்தால், தானாக விழித்தெழும் வகைச் சப்வூஃபர் மெல்லிய காட்சிகளில் உறங்கிவிடும்.

11. இரைச்சல் வந்தால்

ஒலி ஏதும் ஓடாதபோது சப்வூஃபரிலிருந்து ‘ம்ம்ம்’ என்ற ஓயாத ஓசை வந்தால், அது 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தின் ஓசை. புதிய கேபிள் வாங்க ஓடாதீர்கள். முதலில் கேபிளைச் சப்வூஃபரிலிருந்து கழற்றுங்கள். ஓசை அப்படியே இருந்தால் குறை சப்வூஃபரில் உள்ளது, உத்தரவாத அட்டையை எடுங்கள். நின்றுவிட்டால் கேபிளை மீண்டும் இணைத்து, ரிசீவரின் பின்னால் உள்ள மற்ற எல்லாவற்றையும், எச்.டி.எம்.ஐ. கேபிள்கள் உட்பட, கழற்றிவிடுங்கள். பின்னர் ஒவ்வொன்றாகச் செருகுங்கள். எதைச் செருகும்போது ஓசை திரும்புகிறதோ, அந்த வழியிலேயே குறை இருக்கிறது. ஒவ்வொரு முறை கழற்றும்போதும் செருகும்போதும் மின்சாரத்தை நிறுத்துங்கள். நேரம் பிடித்தாலும் இதில் அவசரம் வேண்டாம்.

இந்த வரிசை எனக்கு அன்று தெரியாது. கீழ்மாடியில் வசிக்கும், மின்வேலையில் நெடுங்காலம் இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருநாள் மாலை வந்து, அறையின் நடுவில் நின்று சற்றுநேரம் கேட்டுவிட்டு, “தம்பி, அந்த டிஷ் வயரை ஒருக்காக் கழட்டிப்போட்டுப் பாரும்” என்றார். தொலைக்காட்சிப் பெட்டகத்தின் (செட்-டொப் பெட்டியின்) பின்னால் திருகியிருந்த செய்மதிக் கேபிளை நான் கழற்றிய கணமே அறை அமைதியாயிற்று. மொட்டைமாடியிலுள்ள தட்டு, கட்டடத்தின் இரும்புக் கைப்பிடியில் பொருத்தப்பட்டிருந்தது. அந்த இரும்பின் புவித்தொடுப்பும் (எர்த்), எங்கள் வீட்டுப் பிளக் பொயின்ற்றின் புவித்தொடுப்பும் ஒரே மட்டத்தில் இல்லாததால், செய்மதிக் கேபிளின் கவசத்தில் புகுந்த மின்னோட்டம் எச்.டி.எம்.ஐ. வழியாக ரிசீவருக்கும், அங்கிருந்து சப்வூஃபர் கேபிளின் கவசத்தினூடாகச் சப்வூஃபருக்கும் ஓடிக்கொண்டிருந்தது. 16,500 ரூபாக் கேபிளும் அந்த ஓட்டத்துக்கு ஒரு பாதையாகவே இருந்தது.

இதற்குச் சரியான தீர்வு, தகுதி பெற்ற மின் இணைப்பாளரைக் கொண்டு, செய்மதிக் கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் அதன் கவசத்தை வீட்டின் புவித்தொடுப்புடன் சேர்ப்பதாகும். எங்கள் வீட்டில் அது ஒரு முற்பகல் வேலை. அதன் பின்னர் இருக்கையில் அமர்ந்தால் ஓசை கேட்பதில்லை. கடையில் விற்கும் சாதாரணத் தொலைக்காட்சி ஐசொலேட்டரை (கவசத்தின் தொடர்பைத் துண்டிக்கும் சிறு கருவியை) செய்மதிக் கேபிளில் போட்டுவிடாதீர்கள். தட்டிலுள்ள பகுதிக்குப் பெட்டகத்திலிருந்து 13 அல்லது 18 வோல்ற்று அதே கேபிளில்தான் போகிறது. அது தடைப்பட்டால் படமே வராது. சப்வூஃபர் கேபிளில் போடும் ஒலி ஐசொலேட்டர் ஓசையை நிறுத்தக்கூடும். ஆனால் மலிவானவை தாழ்ந்த சுரங்களையும் சேர்த்து விழுங்கிவிடும். வாங்குவதாயின் 20 ஹேர்ட்ஸ் வரை கடத்துவதாகக் குறிப்பிட்டதையே வாங்குங்கள்.

இதற்கெல்லாம் முன், செலவேயில்லாத ஒரு முயற்சி உண்டு: ரிசீவரையும் சப்வூஃபரையும் ஒரே பிளக் பொயின்ற்றிலிருந்து, எஸ்.எல்.எஸ். எனும் இலங்கைத் தர முத்திரையுள்ள ஒரே எக்ஸ்டென்ஷன் கோட்டில் இணைத்துப் பாருங்கள். 13 அம்பியர் குதை 230 வோல்ற்றில் ஏறத்தாழ 3,000 வாற்றைத் தாங்கும். இவ்விரண்டும் சேர்ந்து அதை எட்டுவதில்லை. ஓசை ‘ம்ம்ம்’ என்றில்லாமல் ‘ர்ர்ர்’ என்று கரகரப்பாக இருந்தால், மின்விசிறியின் இலத்திரனியல் ரெகுலேட்டரையும் மங்கலாக்கும் விளக்கு ஆளியையும் நிறுத்திப் பாருங்கள்.

செய்யவே கூடாத ஒன்று இருக்கிறது. சப்வூஃபரின் மும்முனைப் பிளக்கிலுள்ள புவித்தொடுப்பு ஊசியை வெட்டினாலோ, இருமுனை மாற்றியால் அதைத் துண்டித்தாலோ இரைச்சல் நிற்கும் என்று அறிவுரை சொல்வோர் உண்டு. ஓசை நிற்பது உண்மை. ஆனால் உள்ளே ஒரு பழுது நேரும் நாளில், அந்தப் பெட்டியின் உலோகப் பகுதி முழுவதிலும் மின்சாரம் பாய்ந்திருக்கும்; அதற்கு இணைந்த ரிசீவரையும் தொட முடியாது. சதுரமுனைக் குதையின் மூடியைப் பேனாவால் நெம்பி இருமுனைப் பிளக்கைச் செருகும் பழக்கமும் இதே வகை ஆபத்துத்தான். குழந்தைகள் தரையில் விளையாடும் அறையில் இருக்கப்போகும் கருவி இது. தயவுசெய்து இதைச் செய்ய வேண்டாம்.

12. கடற்காற்று

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளை போன்ற கரையோரப் பகுதிகளில் உப்புக்காற்று, பிளக்குகளின் மீது பசுமையான பூச்சைப் படியச் செய்கிறது. ஆறு மாதங்களுக்கு ஒருமுறை, மின்சாரத்தை நிறுத்திவிட்டு, இரு முனைகளையும் கழற்றி, மெல்லிய பருத்தித் துணியால் துடைத்து, சற்றுத் திருகியவாறே மீண்டும் செருகுங்கள். இரு முனைகளிலும் ஒட்டுத்தாளில் ‘சப்வூஃபர்’ என்றும் பொருத்திய திகதியையும் எழுதி ஒட்டிவிட்டால், அடுத்த முறை ரிசீவருக்குப் பின்னால் கைவிளக்குடன் குனிபவருக்கு எந்தக் கேபிள் எது என்று தேட வேண்டியிராது.